பாட்டியின் குரலும் பதிப்புரிமைச் சட்டமும்

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டுச் சங்கச் செயலாளர் தொலைபேசியில் அழைத்தபோது, "சார், இந்தத் தடவை கொஞ்சம் உபயோகமா, குடும்பத்தோட உட்கார்ந்து படிக்கிற மாதிரி ஏதாவது எழுதுங்க" என்றார். போன மலரில் நான் எழுதிய கல்வெட்டுக் கட்டுரையை ஒருவரும் படிக்கவில்லை என்பதை அவ்வளவு நாசூக்காகச் சொல்ல அவரால்தான் முடியும். அவர் சொல்லைத் தட்டாமல், சென்ற பொங்கல் விழாவை ஒட்டி எங்கள் வீட்டில் எழுந்த ஒரு கேள்வியையும், அதற்குப் பதில் தேடி நான் படித்த சட்டத்தையும் பற்றி எழுதுகிறேன். நம் பிள்ளைகள் பாடும் பாட்டு, ஆடும் ஆட்டம், சங்கத்தில் நாம் நடத்தும் விழா எல்லாவற்றையும் தொடுகிற விஷயம் இது.

நடந்தது என்ன?

பொங்கல் விழாவில் இளைஞர் நிகழ்ச்சிக்கு என் பேத்தி பத்து நிமிடத்துக்கு ஒரு "ரீமிக்ஸ்" செய்து கொடுத்தாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பிறந்தது வளர்ந்தது எல்லாம் தில்லி. தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டிப் படிப்பாள். பாரதியார் பாட்டு இரண்டை எடுத்துக்கொண்டாள். ஒன்று "சின்னஞ்சிறு கிளியே". அதைப் பாடியது அவள் பாட்டி, அதாவது என் மனைவி. 1981இல் எங்கள் பெண்ணைத் தூங்க வைக்கும்போது பாடியதை, பாலிகா பஜாரில் வாங்கிய டூ-இன்-ஒன்னில் நான் பதிவு செய்து வைத்திருந்தேன். அவள் காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. அந்த கேசட்டைத் தேடி எடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, பின்னணியில் தவில் ஓசையும் கீபோர்டும் சேர்த்திருந்தாள் பேத்தி. இரண்டாவது பாட்டு "நல்லதோர் வீணை". அதற்கு 1980இல் வந்த "வறுமையின் நிறம் சிவப்பு" படத்தின் ஒலிப்பதிவையே எடுத்து வெட்டி ஒட்டி, ஒரு துள்ளல் தாளத்தில் ஓடவிட்டாள்.

அரங்கத்தில் நல்ல கைத்தட்டல். தஞ்சாவூரிலும் புனாவிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் பார்க்கட்டும் என்று அன்றிரவே அதைக் கணினி வழியே பொதுவில் ஏற்றிவிட்டாள். மறுநாள் காலையில் பார்த்தால் படம் ஓடுகிறது, சத்தம் இல்லை. இரண்டு பாட்டிலும் "பிறருக்குச் சொந்தமான இசை" இருப்பதாக ஒரு குறிப்பு மட்டும் இருந்தது.

"இரண்டாவது பாட்டு சினிமாவிலேர்ந்து எடுத்தேன், சரி. ஆனா பாட்டி பாடினது எப்படி தாத்தா இன்னொருத்தரோடது ஆகும்? அதுவும் பாரதியார் பாட்டு எல்லாருக்கும் பொதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று கேட்டாள்.

நான் முப்பத்தைந்து வருஷம் மத்திய சர்க்காரில் கோப்பு எழுதியவன். சட்டப் பிரிவுகளைப் படிக்கிற பழக்கம் விட்டுப்போகவில்லை. திஸ் ஹஸாரி பக்கம் போய் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தை வாங்கி வந்து உட்கார்ந்தேன். சிலர் இதைக் காப்புரிமை என்பார்கள். அந்தச் சொல்லையே கண்டுபிடிப்புகளுக்கான "பேட்டன்ட்"டுக்கும் சொல்வதால், குழப்பம் வராமல் இருக்க இங்கே பதிப்புரிமை என்றே எழுதுகிறேன்.

ஒரு பாட்டுக்குள் மூன்று சொத்து

நாம் "ஒரு பாட்டு" என்கிறோம். சட்டத்தின் கண்ணுக்கு அது மூன்று. எழுதிய சொற்கள் ஓர் இலக்கியப் படைப்பு. போட்ட மெட்டு ஓர் இசைப் படைப்பு. பாடிப் பதிந்த தட்டு ஓர் ஒலிப்பதிவு. மூன்றுக்கும் உரிமையாளர் வேறு வேறாக இருக்கலாம், உரிமை முடியும் தேதியும் வேறு வேறாக இருக்கலாம்.

சொல்லுக்கும் மெட்டுக்கும் படைத்தவரின் ஆயுட்காலமும், அவர் இறந்த ஆண்டு முடிந்து மேலும் 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. ஒலிப்பதிவுக்கும் திரைப்படத்துக்கும் வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள். முன்பு இது 50 ஆண்டுகளாகத்தான் இருந்தது. 1941இல் மறைந்த ரவீந்திரநாத் தாகூரின் எழுத்துகளுக்கு 1991 கடைசியில் உரிமை முடிய இருந்தது. விசுவபாரதியின் கையிலிருந்து அவை போய்விடுமே என்ற கவலையில்தான், அந்தச் சமயத்தில் அவசரச் சட்டமும் பிறகு 1992இல் திருத்தமும் வந்து, 50 என்பது 60 ஆனது. ஒரு வங்கக் கவிஞருக்காக வந்த மாற்றம் நம் தமிழ்ப் பாட்டுகளையும் சேர்த்துப் பத்து வருஷம் கூடுதலாகக் கட்டிவைத்தது.

இந்தக் கணக்கை வைத்து மூன்று பாரதி பாட்டுகளைப் பார்ப்போம்.

"சின்னஞ்சிறு கிளியே": இன்று வீட்டுக்கு வீடு பாடப்படும் ராகமாலிகை மெட்டு, 1951இல் என்.எஸ்.கிருஷ்ணன் இயக்கிய "மணமகள்" படத்துக்காக சி.ஆர்.சுப்பராமன் அமைத்தது. எம்.எல்.வசந்தகுமாரியும் வி.என்.சுந்தரமும் பாடினார்கள். சுப்பராமன் 1952இல் மறைந்தார். ஆகவே மெட்டின் உரிமை 2012 முடிவோடு தீர்ந்தது. அந்தத் தட்டின் உரிமை 2011 முடிவோடு தீர்ந்தது.

"காற்று வெளியிடைக் கண்ணம்மா": 1961இல் வந்த "கப்பலோட்டிய தமிழன்" படத்துக்கு ஜி.ராமநாதன் மெட்டமைத்தார். அவர் 1963இல் மறைந்தார். மெட்டு 2024 ஜனவரி முதல் பொது. ஒலிப்பதிவு 2022 ஜனவரி முதல் பொது.

"நல்லதோர் வீணை": படத்தில் வரும் மெட்டு எம்.எஸ்.விஸ்வநாதன் அமைத்தது. அவர் 2015இல் மறைந்தார். மெட்டின் உரிமை 2075 முடியும் வரை உண்டு. 1980ஆம் ஆண்டு ஒலிப்பதிவுக்கு 2040 முடியும் வரை உரிமை உண்டு.

மூன்றிலும் சொற்கள் பாரதியுடையவை. மூன்றிலும் சொற்கள் பொது. ஆனால் மூன்றாவது பாட்டின் மெட்டையும் தட்டையும் கேட்காமல் எடுத்தது தவறு. "பாரதி பாட்டு பொது" என்று நான் பேத்தியிடம் சொன்னது பாதி உண்மைதான். அந்த மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டது என் குற்றம்.

முதல் பாட்டில் நாங்கள் சொன்னதுதான் சரி. சொல்லும் மெட்டும் பொது. கேசட்டில் இருக்கும் ஒலிப்பதிவோ? பதிவு செய்வதற்கு முன்கையும் பொறுப்பும் எடுத்தவரே தயாரிப்பாளர் என்கிறது சட்டம். அப்படியானால் அதன் தயாரிப்பாளர் அடியேன்தான். என் வாழ்க்கையில் நான் தயாரிப்பாளர் ஆனது அந்த ஒரு தடவைதான். யாரோ ஒரு நிறுவனம் அதே மெட்டில் புதிதாகப் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும். இயந்திரம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, மெட்டு ஒத்துப்போகிறது என்றதும் பாட்டியின் குரலை அடைத்துவிட்டது. மெட்டு யாருடையது, எந்த வருஷத்தோடு உரிமை முடிந்தது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

பாரதி பாட்டு பொதுவான கதை

பாரதி பாட்டு தானாகப் பொதுவாகிவிடவில்லை. 1921இல் அவர் மறைந்த பிறகு நூல்களை அச்சிடும் உரிமை ஒரு பக்கமும், இசைத்தட்டு, சினிமா உரிமை இன்னொரு பக்கமுமாகப் பிரிந்து கைமாறின. ஒலி உரிமை ஏ.வி.மெய்யப்பனிடம் வந்து சேர்ந்தது. 1947இல் அவருடைய "நாம் இருவர்" படத்தில் டி.கே.பட்டம்மாள் பாடிய பாரதி பாட்டுகள் நாடெங்கும் ஒலித்தன. அடுத்த ஆண்டு டி.கே.எஸ். சகோதரர்களின் "பில்ஹணன்" படத்தில் ஒரு பாரதி பாட்டு வந்தபோது, உரிமை என்னிடம் இருக்கிறதே என்று மெய்யப்பன் சட்டப்படி ஆட்சேபித்தார். தேசியக் கவியின் பாட்டு ஒரு தனியார் சொத்தா என்று தமிழ்நாட்டில் பெரிய கிளர்ச்சி கிளம்பியது. நாரண துரைக்கண்ணன் போன்ற எழுத்தாளர்கள் "பாரதி விடுதலைக் கழகம்" என்று ஓர் அமைப்பே நடத்தினார்கள். 1949இல் சென்னை மாகாண அரசு பாரதி படைப்புகளின் உரிமையை எடுத்துக்கொண்டது. மெய்யப்பன் தம்மிடம் இருந்த உரிமையைப் பணம் வாங்காமலே விட்டுக்கொடுத்தார். 1955இல் பாரதியின் எழுத்துகள் மக்களுக்குப் பொதுவாக்கப்பட்டன.

இதில் நம் விஷயத்துக்கு முக்கியமான ஒன்று உண்டு. "சின்னஞ்சிறு கிளியே" பாட்டுக்குப் பாரதி குறித்துவைத்த ராகம் பைரவி. நாம் பாடுவது ராகமாலிகை. அதாவது, 1951இல் சுப்பராமன் செய்ததும் ஒரு மாற்றம்தான். அந்த மாற்றம்தான் அந்தப் பாட்டைத் தாலாட்டாக ஆக்கி, தஞ்சாவூரிலிருந்து கரோல்பாக் வரைக்கும் கொண்டுவந்தது. பாரதியே இதற்கு வழிகாட்டி. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திர மெட்டுகளில் தம்முடைய அரசியல் பாட்டுகளைப் பாரதி எழுதினார். சிந்து, கண்ணி, கும்மி என்று ஜனங்களுக்குத் தெரிந்த மெட்டுகளில் புதுச் சொல்லை வைத்தார். கேட்ட மெட்டில் கேளாத சொல் வந்தால் அது நேரே மனசில் போய் உட்காரும் என்பது அவருக்குத் தெரியும். நந்தனார் மெட்டுக்கு அன்று ஒருவர் பூட்டுப் போட்டிருந்தால் அந்தப் பாட்டுகள் பிறந்திருக்காது.

"ரீமிக்ஸ்" பற்றிச் சட்டம் சொல்வது

சட்டத்தில் ரீமிக்ஸ் என்ற சொல்லே கிடையாது. ஓர் இசைப் படைப்பை வேறு விதமாக அமைப்பதைத் "தழுவல்" என்கிறது. தழுவும் உரிமை மெட்டின் உரிமையாளருக்கே. பழைய ஒலிப்பதிவின் ஒரு துண்டை வேறு பதிவில் சேர்ப்பது ஒலிப்பதிவின் உரிமையாளர் கையில் இருக்கிறது. வீட்டில் சொந்த உபயோகத்துக்கு, ஆராய்ச்சிக்கு, விமரிசனத்துக்கு, நடப்புச் செய்திக்கு என்று நியாயமான பயன்பாட்டுக்கு 52ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் "நான் இதைப் புதுசாக மாற்றியிருக்கிறேன்" என்பது மட்டுமே போதுமான சமாதானம் என்று அந்தப் பிரிவில் எங்கும் எழுதியில்லை.

இருந்தாலும் நம் சட்டத்தில் நெடுநாளாக ஒரு வாசல் திறந்திருந்தது. ஒரு பாட்டு பதிவாகி வெளிவந்து குறிப்பிட்ட காலம் ஆன பின், உரிமையாளருக்கு அறிவிப்புக் கொடுத்து, விதித்த ராயல்டியைக் கட்டிவிட்டு, வேறு பாடகரை வைத்து வேறு இசைக் குழுவோடு அதே பாட்டை மறுபதிவு செய்யலாம். 1994 திருத்தத்துக்குப் பிறகு அந்தக் காலம் இரண்டு ஆண்டு. இதைத்தான் "வெர்ஷன் ரெக்கார்டிங்" என்றார்கள். வடக்கே இருந்தவர்களுக்கு இது நன்றாக நினைவிருக்கும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் டி-சீரிஸ் கேசட்டுகள் மலிவு விலையில் தெருவெங்கும் கிடைத்தன. ரஃபியின் பாட்டைப் பாடுவது ரஃபி அல்ல, புதுப் பையன் ஒருவன். அப்படிப் பாடிப் பெயரெடுத்தவர்களில் ஒருவர் சோனு நிகம். பழைய பாட்டைத் திரும்பப் பாடும் வாசல், புதுப் பாடகர்களுக்கும் ஒரு வாசலாக இருந்தது.

அதே வாசல் வழியாகவே சண்டையும் வந்தது. 1972இல் வந்த "சமாதி" படத்துக்கு ஆர்.டி.பர்மன் இசையில் லதா மங்கேஷ்கர் பாடிய "காண்டா லகா" பாட்டு, 2002இல் ரீமிக்ஸாக வந்து நாட்டையே ஆட்டிவைத்தது. பழைய தலைமுறை முகம் சுளித்தது. நானும் சுளித்தவன்தான். தமிழ்ப் படங்களுக்கும் இந்தக் காற்று வந்தது. 1964இல் வந்த "படகோட்டி"யின் "தொட்டால் பூ மலரும்" 2004இல் "நியூ" படத்திலும், 1970இல் வந்த "சொர்க்கம்" படத்தின் "பொன்மகள் வந்தாள்" 2007இல் "அழகிய தமிழ் மகன்" படத்திலும் ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் புது உருவெடுத்தன.

2012 திருத்தம் இந்த வாசலைப் பாதி சாத்தியது. இப்போதுள்ள 31சி பிரிவின்படி, முதல் பதிவு வெளியான ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். சொல்லையும் மெட்டையும், தொழில்நுட்பத்துக்குத் தேவையான அளவுக்கு மேல் மாற்றக்கூடாது. உறையில் இது மறுபதிவு என்று போட வேண்டும். இவற்றையெல்லாம் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டியை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்றும் இருக்கிறது. சிறிய மொழிகளுக்கு இந்த எண்ணிக்கையைக் குறைக்கலாம் என்று சட்டம் இடம் வைத்திருக்கிறது. என்றாலும் பெரிய கம்பெனிக்குத்தான் இது தோதான வழி. பொங்கல் விழாவுக்குப் பத்து நிமிடப் பாட்டு தயாரிக்கும் ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு இந்த வழி கிடையாது. முறையாகப் பணம் கட்டிவிட்டுச் செய்யலாம் என்று நினைக்கிறவளுக்கும் கிடையாது.

நீதிமன்றங்கள் சில இடங்களில் இரக்கம் காட்டியிருக்கின்றன. 2012இல் நம் தில்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. பாடகி வசுந்தரா தாஸ் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் தாம் பாடிய சினிமாப் பாட்டுகளிலிருந்து சில அடிகள் பாடினார். தனியாக, ஒரு நுகர்வோர் விளம்பரத்தில் ஒரு பிரபல ஹிந்திப் பாட்டின் சில சொற்கள் வந்தன. இவ்வளவு அற்பமான அளவுக்கெல்லாம் சட்டம் கவலைப்படத் தேவையில்லை என்று இரு நீதிபதிகள் அமர்வு சொன்னது. எந்த அளவு அற்பம், எந்த அளவு அதிகம் என்பதை வழக்குக்கு வழக்குதான் பார்க்க வேண்டும். அதை நம்பி முழுப் பாட்டை எடுத்துவிட முடியாது.

படைத்தவர் பக்கமும் நியாயம் உண்டு

இதுவரை படித்தவர்களுக்கு, நான் முழுக்க முழுக்கப் பேத்தியின் கட்சி என்று தோன்றலாம். அப்படி இல்லை.

1977இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. படத்துக்காகத் தயாரிப்பாளர் பணம் கொடுத்து எழுதவும் மெட்டமைக்கவும் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது உரிமை தயாரிப்பாளருக்கே என்பது அதன் சாரம். அதே தீர்ப்பில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ண ஐயர் தனியாக ஒரு குறிப்பு எழுதினார். பாடுகிறவருக்குச் சட்டத்தில் ஓர் உரிமையும் இல்லையே என்று அதில் வருத்தப்பட்டார். பாட்டு ஆண்டாண்டு காலம் வானொலியில், கேசட்டில், கோவில் திருவிழாவில் ஓடும். எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் ஒரு தடவை வாங்கிய கூலியோடு சரி. பாடினவருக்கும் அப்படியே. நம் வீட்டு விசேஷங்களில் எத்தனை நூறு தடவை அவர்கள் பாட்டைக் கேட்டிருப்போம்? அதில் அவர்களுக்குப் போனது எவ்வளவு என்று ஒருநாளாவது நாம் நினைத்ததுண்டா?

1994இல்தான் பாடுகிறவர்களுக்கும் வாசிக்கிறவர்களுக்கும் சட்டம் ஓர் உரிமை தந்தது. 2012 திருத்தம், எழுதியவரும் மெட்டமைத்தவரும் தம் ராயல்டிப் பங்கை எழுதிக்கொடுத்துவிட முடியாது என்று சொன்னது. திரையரங்கில் படத்தோடு பாட்டு ஓடுவதைத் தவிர மற்ற வழிகளில் வரும் வருமானத்தில் அவர்களுக்குச் சம பங்கு. இந்தத் திருத்தத்துக்காக மாநிலங்களவையில் வாதாடியவர் கவிஞர் ஜாவேத் அக்தர். மறுபதிவு வாசலை இறுக்கிய அதே சட்டம்தான் கவிஞனுக்கும் இசையமைப்பாளனுக்கும் இதையும் தந்தது. ஒன்றை வைத்து மற்றதைத் திட்ட முடியாது. 2017இல் அமெரிக்கக் கச்சேரிப் பயணத்தில் இருந்த எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கு இளையராஜா தரப்பிலிருந்து அறிவிப்பு வந்தபோது நம் வீடுகளில் எவ்வளவு சூடாகப் பேசினோம்! "நண்பனுக்கே நோட்டீசா?" என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். சட்டத்தைப் படித்த பிறகு, டிக்கெட் வைத்து நடக்கும் கச்சேரியில் மெட்டுப் போட்டவர் தன் பங்கைக் கேட்பதில் என்ன தப்பு என்றும் தோன்றுகிறது.

பணத்தைத் தவிர இன்னொன்றும் உண்டு. 57ஆம் பிரிவு படைப்பாளிக்கு ஒரு தனி உரிமை தருகிறது. இது இன்னாருடையது என்று சொல்லிக்கொள்வதும், தன் மரியாதைக்குப் பங்கம் வரும்படி அதைச் சிதைத்தால் தடுப்பதும் அவர் உரிமை. பதிப்புரிமையையே விற்றுவிட்டாலும் இது போகாது. விஞ்ஞான் பவன் பக்கம் போகிறவர்கள் இந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே சிற்பி அமர்நாத் சேகல் செய்த பெரிய சுவர்ச் சிற்பம் ஒன்று இருந்தது. 1979இல் அதை அவரிடம் சொல்லாமல் பெயர்த்துக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். அவர் வழக்குப் போட்டார். 2005இல் தில்லி உயர் நீதிமன்றம், மிஞ்சியதை அவரிடமே திருப்பிக் கொடுக்கவும் ஐந்து லட்சம் ரூபாய் நஷ்டஈடு தரவும் அரசுக்கு உத்தரவிட்டது. காசு கொடுத்து வாங்கியவனுக்கும் சிதைக்க உரிமை இல்லை என்றால், சும்மா எடுத்தவனுக்கு எப்படி இருக்கும்?

என் தாழ்மையான கருத்து

பாட்டு என்பது பெட்டியில் வைத்துப் பூட்டும் நகை இல்லை. பாடினால்தான் பாட்டு. சொந்த ஊரில் இருப்பவர்களுக்குத் தமிழ் கடைத்தெருவில் கிடைக்கிறது. வெளி மாநிலத்தில் வளரும் பிள்ளைகளுக்குத் தமிழ் பெரும்பாலும் பாட்டு வழியாகத்தான் போய்ச் சேருகிறது. என் பேத்தி பாரதியைப் பாடப் புத்தகத்தில் படிக்கவில்லை. பாட்டியின் கேசட்டைப் பத்துத் தடவை ஓட்டி, எந்த இடத்தில் தவிலைச் சேர்ப்பது என்று பார்த்தபோது ஒவ்வொரு சொல்லுக்கும் என்னிடம் அர்த்தம் கேட்டாள். கேட்பவளாக மட்டும் இருந்தபோது கேட்காத கேள்வியெல்லாம், கைவைத்து வேலை செய்தபோது கேட்டாள். "தொடாதே, இது பிறர் சொத்து" என்று ஒவ்வொன்றிலும் பலகை மாட்டினால் பிள்ளைகள் தொடமாட்டார்கள். வேறு மொழிப் பாட்டுப் பக்கம் போய்விடுவார்கள்.

அதற்காக, எடுப்பது எல்லாம் சுதந்திரம் என்றும் சொல்ல மாட்டேன். மறுபதிவு ஏற்பாட்டில் இருந்த நியாயம் எனக்குப் பிடித்திருக்கிறது. தடுக்க வேண்டாம், பங்கைக் கொடுத்துவிட்டு, பெயரைச் சொல்லிவிட்டுப் பாடட்டும் என்பதுதான் அது. அந்த நியாயத்தைச் சின்ன அளவுக்கும் கொண்டுவர வேண்டும். லாப நோக்கமில்லாத குடும்பப் படைப்புக்கும் சங்கப் படைப்புக்கும் ஒரு சிறு தொகை, ஒரு எளிய படிவம் போதும். உரிமை முடிந்த படைப்புகளின் பட்டியல் ஒன்றைப் பொதுவில் வைத்தால், மெட்டு யாருடையது என்பதை இயந்திரமும் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பொது என்று ஆன பாட்டின் மேல் தப்பாக உரிமை கோருகிறவர்களுக்கு ஒரு சின்ன அபராதமாவது வேண்டும். இப்போது தப்பாகக் கோருகிறவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை, அலைச்சல் எல்லாம் நமக்குத்தான்.

சங்கங்களுக்கும் பெற்றோருக்கும் சில குறிப்புகள்

சட்டத்தைப் புரட்டியபோது நமக்கு நேரே பயன்படும் சில விஷயங்கள் 52ஆம் பிரிவில் கண்ணில் பட்டன.

1. தொழில்முறை அல்லாத மன்றமோ சங்கமோ, கட்டணம் வாங்காத சபையில் பாடினால், நாடகம் போட்டால் அது மீறல் ஆகாது. ஒரு சமய நிறுவனத்தின் நன்மைக்காக நடத்தினாலும் அப்படியே. நுழைவுச் சீட்டு விற்கும் கலை நிகழ்ச்சிக்கு இந்தச் சலுகை இல்லை. அதற்குச் சொல்லுக்கும் மெட்டுக்கும் ஐ.பி.ஆர்.எஸ். போன்ற சங்கத்திடமும், ஒலிப்பதிவுக்கு அதன் உரிமையாளர் தரப்பிடமும் முன்கூட்டியே உரிமம் வாங்க வேண்டும்.

2. லாப நோக்கமில்லாத மன்றம் தன் நடவடிக்கைகளின் பகுதியாக ஒலிப்பதிவை ஒலிக்கச் செய்யலாம். பிள்ளைகள் நடனத்துக்குப் பாட்டு ஓடவிடுவதும், கரோக்கியும் இந்த வகையில் வரும் என்பது என் வாசிப்பு. பெரிய நிகழ்ச்சியானால் ஒரு வக்கீலைக் கேட்டுக்கொள்வது நல்லது.

3. பள்ளி விழாவில் மாணவர்களும் ஆசிரியர்களும் நடத்தி, பார்ப்பவர்களும் அவர்களும் பெற்றோரும் பள்ளியைச் சேர்ந்தவர்களுமாகவே இருந்தால் தடையில்லை.

4. உண்மையான சமயச் சடங்கில் பாட்டு ஒலிப்பது மீறல் அல்ல. திருமண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களும் இதில் அடங்கும். 2023 ஜூலையில் மத்திய அரசும் ஒரு பொது அறிவிப்பில் இதை நினைவூட்டியது. வீட்டுக் கல்யாணத்தில் யாராவது வந்து ராயல்டி கேட்டால் அந்தப் பிரிவைக் காட்டுங்கள்.

5. மேலே சொன்னதெல்லாம் அரங்கத்துக்குள் நடப்பதற்கு. அதைப் படம்பிடித்து உலகுக்கே தெரிய ஏற்றுவது வேறு காரியம், அதற்கு இந்தச் சலுகைகள் போதாது. ஏற்றுவதற்கு முன் சொல், மெட்டு, பதிவு மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். யார், எப்போது மறைந்தார், படம் எந்த ஆண்டு என்று ஒரு தாளில் குறித்துவைத்தால் சண்டை வந்தால் கைகொடுக்கும்.

6. எதை எடுத்தாலும் எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர் பெயரை மேடையில் சொல்லுங்கள், திரையிலும் போடுங்கள். உரிமைக் காலம் முடிந்தாலும் நன்றிக்குக் காலம் முடிவதில்லை.

பிறகு

பேத்தியும் நானும் உட்கார்ந்து ஆட்சேபக் கடிதம் எழுதினோம். சொல் 1955 முதல் பொது. மெட்டமைத்தவர் 1952இல் மறைந்தார், உரிமை 2012 கடைசியோடு முடிந்தது. ஒலிப்பதிவு எங்கள் வீட்டுக் கேசட். இந்த மூன்று வரிதான். நாற்பது நாள் கழித்து உரிமைக் கோரிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டதாக ஒரு வரி வந்தது. மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை.

இரண்டாவது பாட்டுக்கு நாங்கள் ஆட்சேபம் எழுதவில்லை. பேத்தியே அந்தப் பகுதியை எடுத்துவிட்டாள். "நல்லதோர் வீணை" சொற்களுக்கு அவளே ஒரு மெட்டுப் போடுகிறேன் என்று கீபோர்டோடு உட்கார்ந்திருக்கிறாள். இதுவரை கேட்ட வரையில் சுமார்தான். சொல்லப்போனால் காது வலிக்கிறது. ஆனால் அந்த மெட்டு அவளுடையது, அதைத் தடுக்கச் சட்டத்தில் யாருக்கும் இடமில்லை.

முதல் பாட்டுக்குச் சத்தம் திரும்பி வந்த அன்று தஞ்சாவூரிலிருந்து என் மச்சினி பேசினாள். "அத்திம்பேர், அக்கா குரலைக் கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு" என்றாள். அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. அந்தக் குரலைக் கேட்க அவளுக்கு இருக்கும் உரிமையைப் பற்றிச் சட்டத்தில் எந்தப் பிரிவும் இல்லை. ஆனால் நாம் பிரிவு பிரிவாகப் படித்து வைத்திருந்தால்தான் அதைக் காப்பாற்ற முடிகிறது. அதற்காகத்தான் இதை எழுதினேன்.